ஏரியூர் பஸ்ஸும் ஒரு பையின் கைப்பிடியும்

1. கண்ணாடி மேசைமேல் விழுந்த பை

என் கடையில் நின்று ‘டூப்ளிகேட்’ என்ற சொல்லை உரக்கச் சொன்னவர் இதுவரை ஒருவர்தான். அவர் ஓர் ஆசிரியை. பெயர் வளர்மதி. தருமபுரியில் குடியிருந்துகொண்டு ஏரியூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருபவர். காலாண்டுத் தேர்வு முடிந்திருந்த சமயம். ஒரு திங்கட்கிழமை மாலை, கடையில் ஆட்கள் நிறைந்திருந்தபோது, மேல் கைப்பிடி பிய்ந்து தொங்கிய ஒரு பேக்பேக்கைக் கொண்டுவந்து என் கண்ணாடி மேசைமேல் போட்டார். பை முழுவதும் புழுதி.

“இதாங்க சார், அஞ்சு வருசம் ஒழைக்கும்னு நீங்க குடுத்த பை. அஞ்சு மாசம் தாங்கலீங்க. காலையில ஏரியூர்ல எறங்கறப்ப கைப்பிடி மட்டும் கையில இருக்குது, பை கீழ கெடக்குது. ஜிப் தொறந்து, திருத்தி வெச்ச பேப்பரு அத்தனையும் ரோட்டுல பறக்குது. நானும் கண்டக்டரும் பஸ்ஸுக்கு அடியில பூந்து பொறுக்கினோம்.”

“எல்லாத் தாளும் கிடைத்ததா?” என்று கேட்டேன்.

“கெடைச்சிதுங்க. ஒரு பையனோட கணக்குப் பேப்பருல மட்டும் டயரு அச்சு. அவன் வாங்கினதே பதினெட்டு மார்க்கு. அதும்மேல பஸ்ஸு வேற ஏறிடுச்சு.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வளர்மதி சிரிக்கவில்லை.

“சிரிக்கறதுக்குச் சொல்லலீங்க. நாங்க எட்டு டீச்சருங்க, ஒரே பஸ்ஸு. ஜூன் மாசம் ஒண்ணா வந்து ஒண்ணா வாங்கினோம். சாரு கடைன்னா நம்பிக்கைன்னு வந்தோம். கம்பெனிப் பைன்னு சொல்லி டூப்ளிகேட்டை வித்துட்டீங்களே சார்.”

பின்னால் நின்ற ஒருவர் இதுதான் சமயமென்று சேர்ந்துகொண்டார்: “இதுக்குத்தாங்க டீச்சர் ஆன்லைன்ல வாங்கணும்கறது. போட்டோ எடுத்துப் போட்டா வூட்டுக்கே வந்து எடுத்துட்டுப் போறான்.”

நான் வணிகவியல் பட்டம் பெற்றவன். அரசு வேலைக்குப் போயிருக்கலாம். உடன் படித்தவர்கள் போனார்கள். நான் பை வியாபாரத்தைத் தேர்ந்தெடுத்தேன். தருமபுரி பேருந்து நிலையத்துக்கு அருகில் இந்தக் கடையைத் திறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. திறந்த நாள் முதல் ஒரே விலை. பேரம் கிடையாது, அதனால் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு, ஏமாந்தேன் என்று திரும்பி வந்தவர் இல்லை. அசல் அல்லாத ஒரு பை என் கடை வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. மூன்றில் ஒரு பங்கு விலைக்கு, அதே முத்திரை பதித்த பைகளைக் கொண்டுவந்து காட்டிய தரகர்களை உட்காரச் சொல்லாமலே அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட கடையில், ஆட்கள் முன்னிலையில், அந்தச் சொல் விழுந்தது.

குரலை உயர்த்துவது என் பழக்கமன்று. “அம்மா, பையை என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள். ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். விடை சொல்கிறேன்” என்றேன்.

“ஒரு வாரம் வரைக்கும் நான் சாக்குல எடுத்துட்டுப் போவட்டுங்களா?”

அலமாரியிலிருந்து வேறொரு பையை எடுத்து இரவலாகக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். முதலில் கைப்பிடியைப் பிடித்து வெடுக்கென்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். அதன் பிறகுதான் தோளில் மாட்டினார். முப்பது ஆண்டுகளில் யாரும் என் முன்னால் ஒரு பையை அப்படிச் சோதித்ததில்லை. அது அவமதிப்பு என்றே அப்போது எடுத்துக்கொண்டேன்.

2. பணத்தைத் திருப்பிக் கொடுக்காததற்குக் காரணம்

இளம் வியாபாரிகள் இந்த இடத்தில் என்னிடம் கேட்பது உண்டு: பணத்தைத் திருப்பிக் கொடுத்து விஷயத்தை அங்கேயே முடித்திருக்கலாமே என்று. முடித்திருக்கலாம். ஆனால் அன்று அந்தக் கூட்டத்தில் நான் பணத்தை எடுத்து நீட்டியிருந்தால், ‘ஆமாம், டூப்ளிகேட்தான்’ என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்ததாக ஆகியிருக்கும். கொடுக்காமல் விட்டாலோ, விற்ற பொருளுக்குப் பொறுப்பேற்காதவன் என்ற பெயர். பெயர் கெடுவதற்கு இரண்டு வழிகள் திறந்திருந்தன. காப்பாற்றிக்கொள்ள ஒன்றுதான் இருந்தது. அந்தப் பை ஏன் பிய்ந்தது என்று கண்டுபிடிப்பது.

கடையை அடைத்த பிறகு பையை மேசைமேல் வைத்துப் பார்த்தேன். நல்ல பைக்கு நான் பார்க்கும் இலக்கணங்கள் சில உண்டு. துணி கெட்டியான நைலானாக இருக்க வேண்டும். விரலால் கசக்கினால் சுருக்கம் நிற்காமல் விரிய வேண்டும். உள்ளே கைவிட்டுத் திருப்பினால் தையலின் ஓரங்கள் நாடாவால் மூடப்பட்டிருக்க வேண்டும். மூடாத ஓரம் நூல் நூலாகப் பிரிந்துகொண்டே போகும். ஜிப் பெரிய பல்லாக இருக்க வேண்டும்; இழுக்கிற ரன்னர் இரண்டு இருந்தால் ஒன்று போனாலும் மற்றொன்று காப்பாற்றும். அடிப்பாகம் இரட்டைத் துணி. தோளில் மாட்டும் பட்டை, அதாவது தோள்பட்டை, பையோடு சேரும் இடத்தில், முன்னும் பின்னுமாக நெருக்கி ஓட்டிய தையல். எங்கள் தொழிலில் அதை பார்டேக் என்போம். மழைக்காலத்துக்கு ரெயின் கவர். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நான் அந்த மாடலை இறக்குவதில்லை.

வளர்மதியின் பையில் இவை அனைத்தும் சரியாக இருந்தன. தோள்பட்டைத் தையலில் ஒரு நூல்கூட நகரவில்லை. துணி தேயவில்லை. அடி கிழியவில்லை. அசல் பைதான். சுமையால் பிய்ந்திருந்தால் தோள்பட்டைதான் முதலில் போயிருக்கும். போனதோ மேலே இருக்கும் சிறு கைப்பிடி. ஆணியில் மாட்டுவதற்காகக் கம்பெனிக்காரன் வைக்கிற விரற்கடைப் பட்டை. அதை இரண்டு துணிகளின் இடையே செருகி ஒரே ஓட்டமாகத் தைத்திருந்தார்கள். அந்தத் தையலோடு உருவிக்கொண்டு வந்திருந்தது.

ஆணியில் மாட்டுகிற பட்டையை யார் இப்படி இழுத்திருக்க முடியும்? அந்தக் கேள்விக்குக் கடையில் உட்கார்ந்து விடை காண முடியாது என்று தோன்றியது. மறுநாள் காலை, ஏரியூர் போகும் பஸ்ஸைப் பிடிக்கப் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். ஸ்கூட்டர் வாங்கிய நாளிலிருந்து நான் அந்தத் தடத்தில் பஸ் ஏறியதில்லை.

3. அந்த பஸ்ஸின் சட்டம்

எட்டு ஆசிரியைகளும் வரிசையாக நின்றிருந்தார்கள். வளர்மதி என்னைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். “என்னங்க சார், எங்களோட பள்ளிக்கூடம் வர்றீங்களா?”

“உங்கள் பையோடு வருகிறேன்,” என்றேன்.

பஸ் நிலையத்துக்குள் திரும்பியது. இன்னும் நிற்கவில்லை, ஓடிக்கொண்டேதான் இருந்தது. எட்டுப் பேரும் பையைத் தோளிலிருந்து கழற்றி மேல் கைப்பிடியில் பிடித்தார்கள். பஸ்ஸின் பக்கவாட்டில் ஓடினார்கள். வளர்மதி பையை ஒரு சுழற்று சுழற்றி, ஜன்னலின் குறுக்குக் கம்பிக்கு மேலே இருக்கும் இடைவெளியில் செலுத்தினார். பை பாதி உள்ளே போய்க் கம்பியில் மாட்டித் தொங்கியது. உள்ளே முன்பே ஏறியிருந்த யாரோ கைப்பிடியை எட்டிப் பிடித்து வெடுக்கென்று இழுத்து இருக்கையில் போட்டார். இருக்கை வளர்மதிக்குச் சொந்தமாகிவிட்டது. பிறகுதான் அவர் நிதானமாகப் படியேறினார்.

நான் பையின்றி ஏறினேன். காலியாக ஓர் இருக்கைகூட இல்லை. பாதி இருக்கைகளில் ஆட்களே இல்லை, பைகள் உட்கார்ந்திருந்தன.

கண்டக்டர் முருகேசன் என்னை மேலும் கீழும் பார்த்தார். “சார், எடம் போட்டீங்களா?”

“இல்லை. டிக்கெட் எடுக்கிறேன்.”

“டிக்கெட்டு நான் குடுப்பேனுங்க. எடம் பைதான் குடுக்கணும். கம்பியைப் புடிச்சிக்கிட்டு நில்லுங்க.”

அந்தப் பயணத்தில் அந்த பஸ்ஸின் சட்டத்தை முருகேசன் எனக்கு விளக்கினார். கர்ச்சீப்பு போட்ட இடத்தைப் பை போட்டவர் எடுத்துக்கொள்ளலாம். செய்தித்தாளுக்கு மதிப்பே இல்லை, காற்றில் பறந்து வந்ததென்று சொல்லிவிடுவார்கள். பை போட்ட இடத்தில் மட்டும் யாரும் உட்காரமாட்டார்கள். பைக்குச் சொந்தக்காரர் யாரென்று தெரியாவிட்டாலும் உட்காரமாட்டார்கள். “பையை நவுத்திட்டு ஒக்காந்தான்னா அவன் மனுசனே இல்லீங்க சார்” என்றார் முருகேசன். நீதிமன்றத்தில்கூட இவ்வளவு ஒழுங்காக ஒரு சட்டம் பின்பற்றப்படுவதை நான் கண்டதில்லை.

“டிபன் பாக்ஸையும் வைத்துக்கொண்டேவா வீசுகிறீர்கள்?” என்று வளர்மதியிடம் கேட்டேன்.

“தயிர்சாதம்னா வீசுவேன் சார். ரசம்னா வீசமாட்டேன், சொருகுவேன்.”

பக்கத்திலிருந்த ஆசிரியை, “பொய்யி சார். போன வாரம் ரசத்தை வீசி, எம் புடவை போச்சு” என்றார்.

இடம் கிடைத்தவர்களின் மடிமேல் நிற்பவர்களின் பைகள் ஏறின. ‘கொஞ்சம் வெச்சிக்கோங்க’ என்று சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஏறின. வளர்மதியின் மடியில் மட்டும் நான்கு பைகள் அடுக்காக இருந்தன. இண்டூர் நிறுத்தத்தில் இறங்க வேண்டிய ஒருவரின் பை அடுக்கின் அடியில் இருந்தது. பஸ் நின்றும் நிற்காமலும் இருந்தது; முருகேசன் விசில் ஊதிவிட்டார். அந்த மனிதர் கைப்பிடியைப் பிடித்து, மேலிருந்த மூன்று பைகளின் பாரத்தையும் சேர்த்து ஓர் இழுப்பு இழுத்துக்கொண்டு குதித்தார். பென்னாகரத்தில் இதே காட்சி பத்து முறை நடந்தது.

தோள்பட்டையில் அந்தப் பைகள் தொங்கிய நேரம் மிகக் குறைவு. நிலையம் வரை நடக்கும்போது மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் அவை கைப்பிடியில் உயிர் வாழ்ந்தன.

பென்னாகரம் தாண்டிக் கூட்டம் குறைந்ததும், எட்டு ஆசிரியைகளின் பைகளையும் ஒன்றொன்றாகக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வளர்மதியுடையது நான் கொடுத்த இரவல். மற்ற ஏழும் ஜூனில் விற்றவை. மூன்றில் கைப்பிடித் தையல் வாய் திறக்கத் தொடங்கியிருந்தது. விரலை விட்டால் உள்ளே போயிற்று.

ஆசிரியை ஒருவர் பேக்பேக்கை விட்டுவிட்டு, தோளின் குறுக்கே மாட்டும் சைடு பேக் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். நின்றபடியே யோசித்துப் பதில் சொன்னேன். சைடு பேக்கை வீச முடியாது. நீளப் பட்டை கம்பியில் சுற்றிக்கொள்ளும், பஸ் நகர்ந்தால் ஆபத்து. நிற்கும்போது அது உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் இடிக்கும். இரு சக்கர வாகனத்தில் தனியாக அலுவலகம் போகிறவருக்கும், ஆவணங்களை அடிக்கடி எடுத்துக் காட்ட வேண்டியவருக்கும் சைடு பேக் நல்லது. இந்த பஸ்ஸுக்கு ஆகாது.

“அப்ப எங்களுக்கு எதுதாங்க ஆவும்?” என்றார் வளர்மதி. “அதை ஜூன் மாசமே சொல்லியிருக்கலாமில்ல?”

முருகேசன் உடனே, “டீச்சர், அன்னிக்கு நீங்க பஸ்ஸைப் பத்தி வாயத் தொறந்தீங்களா? பூப்போட்ட கலரு இருக்குதான்னு கேட்டிருப்பீங்க” என்றார்.

“கேட்டேன்தான். அதுக்கென்ன இப்போ? நீ டிக்கெட்டைக் கிழி.”

விற்றது அசல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதை இந்த பஸ்ஸில் நின்று சொன்னால் எடுபடாது என்பதும் விளங்கியது. அசலாக இருப்பது ஒன்று. ஏரியூர் பஸ்ஸைத் தாங்குவது வேறொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் என் கடைப் பை.

4. மஞ்சுநாத் எறிந்தது

பையைத் தயாரித்த கம்பெனி பெங்களூரில் இருக்கிறது. எங்கள் பகுதிக்கு அவர்கள் அனுப்பும் பிரதிநிதி மஞ்சுநாத் என்ற இளைஞர். நல்ல மனிதர், கன்னடம் கலந்த தமிழில் கலகலப்பாகப் பேசுவார். செய்தி சொன்னதும் அந்த வாரமே வந்தார். பிய்ந்த கைப்பிடியைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

“ஆகல்ல சார், முடியாது. இது மிஸ்யூஸ். ஜன்னல்ல வீசறது, மூணு பை வெயிட்டோட இழுக்கறது, இதெல்லாம் வாரண்டியில வராது. உங்க முகத்துக்காக ஒரே ஒரு பீஸ் மாத்திக் கொடுக்கறேன்.”

“ஒன்று வேண்டாம். எட்டு.”

“எட்டா! யாக்கே சார்? ஏழு பை நல்லாத்தானே இருக்கு?”

“நல்லா இல்லை. மூன்று வாய் திறந்திருக்கின்றன. மற்றவை திறக்கக் காத்திருக்கின்றன.”

“சார், எங்க லேப்ல தோள்பட்டையில வெயிட் தொங்கவிட்டு டெஸ்ட் பண்றாங்க. மேல் ஹேண்டில் ஆணிக்கு மட்டும்தான். எல்லா ஊர்லயும் ஜனங்க பேகை முதுகுலதான் மாட்றாங்க.”

“உங்கள் ஊரில் பை ஆளோடு பஸ் ஏறுகிறது. எங்கள் ஊரில் ஆளுக்கு முன்னால் ஏறுகிறது. தினமும், எல்லோரும் ஒரு பொருளை ஒரே விதமாகப் பயன்படுத்தினால் அதன் பெயர் மிஸ்யூஸ் அன்று, மஞ்சுநாத். அதன் பெயர் யூஸ்.”

அவர் சிரித்தார், ஆனால் சம்மதிக்கவில்லை. நான் சம்மதிக்க வைக்க வேறு ஏற்பாடு செய்திருந்தேன். பழைய பஸ்களைப் பிரித்து விற்கும் இடம் ஒன்று சேலம் சாலையில் இருக்கிறது. அங்கிருந்து குறுக்குக் கம்பியோடு ஒரு முழு ஜன்னல் சட்டத்தை வாங்கி வந்து, கடையின் பின்கட்டில் பஸ் ஜன்னல் இருக்கும் அதே உயரத்துக்குச் சுவரோரம் இரும்புக் கால்களில் நிறுத்தி வைத்திருந்தேன். படித்தவன் ஒருவன் பை விற்கிற கடையில் பஸ் ஜன்னலை நட்டு வைத்திருக்கிறான் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

அன்று மாலை வளர்மதியையும் மற்ற ஆசிரியைகளையும் வரச் சொல்லியிருந்தேன். அலமாரியிலிருந்து அதே மாடலில் புதிய பை ஒன்றைப் பிரித்து, மாதிரிக்குச் சில புத்தகங்களும் தண்ணீர் நிரப்பிய பாட்டிலும் வைத்து மஞ்சுநாத்திடம் நீட்டினேன்.

“நீங்களே எறியுங்கள்.”

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எறிந்தார். பை கம்பியில் பட்டுத் திரும்பி வந்து அவர் மார்பிலேயே விழுந்தது.

“தம்பி, பஸ்ஸு போயிடுச்சு. அடுத்தது பத்தரைக்குத்தான்,” என்றார் வளர்மதி.

இரண்டாம் முறையும் வெளியே விழுந்தது. வளர்மதி பையை வாங்கி, “கைப்பிடியில புடிச்சி, அடியை முன்னால விட்டு வீசணும்” என்று ஒரு வீச்சில் பாதியை உள்ளே செலுத்தினார். மறுபுறம் நின்ற ஆசிரியை வழக்கம்போல் வெடுக்கென்று இழுத்தார். பிறகு எல்லோரும் மாறி மாறி எறிந்தார்கள், இழுத்தார்கள். மஞ்சுநாத்தும் விடாமல் எறிந்து பழகிக்கொண்டார். வளர்மதியின் பை ஜூன் முதல் பட்ட பாட்டை அந்தப் புதுப் பை ஒரே மாலையில் பட்டது. வெளிச்சம் மங்குவதற்குள், மஞ்சுநாத் இழுத்த ஓர் இழுப்பில், கைப்பிடி ஒரு பக்கம் உருவிக்கொண்டு வந்து அவர் விரலில் தொங்கியது. பிய்ந்த விதம் வளர்மதியின் பையில் பிய்ந்த விதம் எதுவோ அதுவே.

அவர் பையைக் கீழே வைத்தார். பின் தன் மேலதிகாரியைத் தொலைபேசியில் அழைத்துக் கன்னடத்தில் பேசினார். “அவரு ஹேளோது சரி இதே சார்” என்றார். எனக்கு அந்த அளவுக்குக் கன்னடம் தெரியும். அவர் சொல்வது சரிதான் என்று பொருள்.

நான் கேட்டது இரண்டு. எட்டுப் பைகளையும் மாற்றித் தர வேண்டும். மாற்றித் தரும் பையில் கைப்பிடியைத் துணிகளின் இடையே செருகக் கூடாது. தோள்பட்டைக்குப் போடும் அதே வெப்பிங் என்ற கெட்டி நெசவுப் பட்டையை மேலிருந்து முதுகுப் பக்கமாகக் கீழே இறக்கி, இரண்டு இடங்களில் சதுரமாகவும் அதன் குறுக்காகவும் தைக்க வேண்டும். அப்படியானால் இழுக்கிற விசை ஒரு தையலில் நிற்காமல் பை முழுவதற்கும் பரவும். கையை அறுக்காமல் இருக்கக் கைப்பிடிக்குச் சுற்றிலும் துணி உறை.

“எட்டு பைக்காக யாரும் டிசைன் மாத்த மாட்டாங்க சார்.”

“எட்டுப் பைக்காக அன்று. இந்த மாவட்டத்தில் பஸ்ஸில் போகிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு நாள் காலையில் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். மாற்றாவிட்டால் அடுத்த ஜூனில் உங்கள் கம்பெனிப் பை என் அலமாரியில் இராது. இது மிரட்டல் அன்று. நான் சொன்னால் செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும்.”

தெரியும் என்றார். தீபாவளிக்கு முன்பே எட்டுப் பைகள் வந்துசேர்ந்தன. இன்வாய்ஸில் மாடல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சுநாத் விளையாட்டாக ‘ஏரியூர்’ என்று போட்டிருந்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இன்று அரூரிலிருந்து வருகிறவர்கள்கூட, “எங்க பஸ்ஸுக்கும் அந்த ஏரியூர்தாங்களா, இல்ல அரூருன்னு தனியா வருதுங்களா?” என்று கேட்கிறார்கள்.

5. எந்தச் சொல்?

எட்டுப் பைகளையும் வாங்கிக்கொள்ள ஆசிரியைகள் வந்த நாள் சனிக்கிழமை. அந்தத் திங்கட்கிழமை போலவே அன்றும் கடையில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். நான் வேண்டுமென்றே அந்த நேரத்தைத்தான் சொல்லியிருந்தேன். வளர்மதி புதுப் பையை வாங்கி, கைப்பிடியை இரண்டு முறை இழுத்தார். மூன்றாம் முறை காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார். பிறகு, “ம்ம். இது பை” என்றார்.

நான் எழுந்து நின்றேன்.

“அம்மா, பை மாற்றித் தந்தாயிற்று. காரணமும் உங்கள் கண் முன்னாலேயே தெளிவாகிவிட்டது. அன்று இதே இடத்தில் ஒரு சொல் சொன்னீர்கள். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.”

அவர் விழித்தார். “எந்தச் சொல்லுங்க சார்?”

உண்மையாகவே அவருக்கு நினைவில்லை. அதை அவர் முகத்தில் பார்த்தேன். இத்தனை நாள் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதும் இரவில் இறக்கும்போதும் என் காதில் ஒலித்த சொல், சொன்னவரிடம் அன்றே உதிர்ந்து போயிருந்தது. நினைவூட்ட வேண்டுமானால் அந்தச் சொல்லை நானே, என் வாயால், என் கடையில் நின்று சொல்ல வேண்டும். அது என்னால் ஆகாது.

உடன் வந்த ஆசிரியை அவர் காதில் ஏதோ சொன்னார்.

“அட, அதுங்களா!” என்று வளர்மதி சிரித்துவிட்டார். “சார், நாங்க பஸ்ஸுல முருகேசனையே டூப்ளிகேட் கண்டக்டருன்னுதான் கூப்புடறோம். வாயில வர்றதுதானுங்க. அதையா இத்தன நாளு மனசுல வெச்சிருந்தீங்க?”

“வைத்திருந்தேன்.”

அவர் சிரிப்பு நின்றது. என்னைச் சற்றுப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. பையை மாட்டிக்கொண்டு, “வர்றேனுங்க சார்” என்று போய்விட்டார். கடையில் இருந்தவர்கள் அவரவர் பையைப் பார்க்கத் திரும்பினார்கள். எனக்கு மனம் ஆறவில்லை என்பதை மறைப்பதற்கில்லை.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் முருகேசன் கடைக்கு வந்தார். கண்டக்டர் சீருடையோடு, டிக்கெட் மெஷினும் சில்லறையும் வைக்கும் தோல் பையோடு வந்தார்.

“என்ன சார் பண்ணினீங்க எங்க டீச்சரை? நேத்து வண்டி இண்டூரு தாண்டினதும் எந்திரிச்சி நின்னாங்க பாருங்க, அசெம்பிளி மாதிரி. ‘எல்லாரும் கேட்டுக்கோங்க. சாரு கடையில வித்தது அசலு. நான் டூப்ளிகேட்டுன்னு சொன்னது தப்பு. இனிமே இந்த பஸ்ஸுல யாராச்சும் அப்படிச் சொன்னா எங்கிட்ட வாங்க’ன்னு ஒரே சத்தம். எனக்கு விசிலு ஊதவே பயமாப் போச்சு. அறுவது பேரு கம்முனு ஒக்காந்து கேட்டாங்க சார். பென்னாகரத்துல ஏறினவங்களுக்கு மறுபடி ஒருக்கா சொன்னாங்க.”

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கடையில் சொன்ன சொல்லைக் கடையில் திரும்பப் பெற வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். அது எங்கே பரவியது என்று வளர்மதிக்குத்தான் தெரிந்திருந்தது. அங்கே போய்த் திரும்பப் பெற்றிருக்கிறார்.

“என் பெயரையும் சொன்னார்களா?”

“பேரு, கடை, எந்தச் சந்து, எல்லாம் சொன்னாங்க. விளம்பரத்துக்குக் காசு குடுத்தீங்களோன்னு ஒருத்தன் கேட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்.” முருகேசன் தன் தோல் பையை மேசைமேல் வைத்தார். “எனக்கும் ஒண்ணு வேணுங்க. இந்த ஏரியூரு மாடல்லயே சின்னதா இருந்தா குடுங்க.”

“உங்களுக்கு அது ஆகாது.”

“ஏனுங்க? எல்லாருக்கும் ஆவுது, எனக்கு ஆவாதா?”

“உங்கள் பையை யாரும் வீசுவதில்லை, இழுப்பதில்லை. அது நாள் முழுக்க உங்கள் இடுப்பில் இருந்து, கூட்டத்தில் உரசிக்கொண்டே போகிறது. சில்லறை அடியிலேயே கிடந்து துணியை உள்ளிருந்து அறுக்கிறது. கைப்பிடி உங்களுக்குத் தேவையே இல்லை. உங்களுக்கு அடிப்பாகம்தான் உயிர். இரண்டு நாள் பொறுங்கள், தகுந்ததாக வரவழைத்துத் தருகிறேன்.”

“இன்னைக்கே விக்கலாமில்ல சார், பை வேணும்னு நானே வந்து நிக்கறப்ப?”

“விற்கலாம். ஆனால் நாளைக்கு உங்கள் பஸ்ஸில் இன்னொருவர் எழுந்து நிற்க வேண்டிவரும்.”

இதைப் படிக்கும் இளம் வியாபாரிகளுக்கும், தினமும் பை சுமந்து வேலைக்குப் போகிறவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். துணி, ஜிப், தையல், அடிப்பாகம் ஆகியவற்றைப் பார்த்து வாங்குங்கள். அவை பழுதில்லாமல் இருக்க வேண்டியது விற்பவனின் கடமை. ஆனால் அவற்றைத் தொடுவதற்கு முன், உங்கள் பை காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு மாலையில் திரும்பும்வரை யார் கையில், எந்த இடத்தில், எப்படிப் பிடிபடுகிறது என்று ஒரு நாள் கவனியுங்கள். பிடிபடுகிற இடம்தான் முதலில் பிய்யும். அந்த இடம் உறுதியாக உள்ள பையை வாங்குங்கள்.

இப்போது என் கடைக்கு ஒருவர் பை கேட்டு வந்தால், என்ன விலையில் என்று நான் கேட்பதில்லை. எந்த பஸ் என்று கேட்கிறேன்.